பழக்கத்தை மாற்றிக் காட்டிய பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

 

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நாம் எல்லோரும் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. இதனை இரண்டு இடங்களில் சொல்கிறோம். பிள்ளைகள் சொற்கேளாதபோது அவர்களுடைய பெற்றோரிடம் சொல்கிறோம். பஜ்ருக்கு எழாதது ஏன், சர்க்கரை ஏறிய பின்னும் இரவுப் புரோட்டாவை விடாதது ஏன், வாயைத் திறந்தால் கோபம் முந்துவது ஏன் என்று எவரேனும் நம்மையே கேட்டால், அப்போதும் அதே பழமொழியைச் சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். முதலாவது இடத்தில் அது எச்சரிக்கை. இரண்டாவது இடத்தில் அது வெறும் சாக்கு.

இந்தச் சாக்குக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிய பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். மனிதனின் நடத்தை எவ்வாறு உருவாகிறது, அதனை எவ்வாறு மாற்றலாம் என்பதை அவர்களைப் போல விரிவாக ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே. அதற்கும் மேலான செய்தி, அவர்கள் அதனை ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை என்பதாகும். தமது 37ஆம் வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, தம் பழக்கங்களைப் பிரித்துப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்கிய மனிதர் அவர்கள். இம்மலரில் அன்னாரின் வரலாற்றை அந்தக் கோணத்தில் நின்று பார்ப்போம்.

கம்பளி நூற்றவரின் மகன்

அபூஹாமித் முஹம்மத் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 450ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1058இல், குராஸான் நாட்டின் தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்றைய ஈரானின் வடகிழக்கில், மஷ்ஹத் நகருக்கு அருகில் அவ்வூர் இருக்கிறது. தகப்பனார் கம்பளி நூற்றுத் தம் சிறு கடையில் விற்றுப் பிழைத்தவர். மில் சங்கு ஒலியில் வளர்ந்த கோவை மக்களாகிய நமக்கு, நூற்பவரின் வீட்டு நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எழுதக் கற்காமற் போனோமே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. ஓய்வு கிடைத்தால் உலமாக்களின் சபையில் போய் அமர்வதும், அவர்களுக்குத் தம்மால் இயன்ற பணிவிடை செய்வதும், தம் பிள்ளைகள் அவர்களைப் போல ஆக வேண்டுமென்று அழுது துஆச் செய்வதும் அவருடைய வழக்கமாக இருந்தன என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். இறப்பதற்கு முன் ஸூஃபியாகிய ஒரு நண்பரிடம் தம்மிடமிருந்த சிறு தொகையையும், முஹம்மத், அஹ்மத் என்ற இரு மகன்களையும் ஒப்படைத்தார். பணம் முழுவதும் தீர்ந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்பதே அவருடைய வஸிய்யத். நண்பர் அதனை அப்படியே நிறைவேற்றினார். பணமும் அப்படியே தீர்ந்தது. அவரும் ஏழை. எனவே மாணவர்க்கு உணவளிக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்து கொள்ளுமாறு சிறுவர்களுக்கு வழிகாட்டினார். கல்வியைத் தாங்கள் தொடங்கியது இறைவனுக்காக அன்று, வயிற்றுக்காகவே என்று பிற்காலத்தில் இமாம் அவர்கள் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்கள். ஆனால் கல்வி தன்னை வயிற்றோடு நிற்க விடவில்லை என்றும் சொன்னார்கள்.

வாலிப வயதில் ஜுர்ஜான் நகருக்குச் சென்று கற்றுத் திரும்பும் வழியில் நடந்த நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். கொள்ளையர் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துச் சென்றனர். இளைஞர் கஸ்ஸாலி அவர்கள் பின்தொடர்ந்து ஓடி, தம் பாடக் குறிப்புகள் அடங்கிய பையை மட்டுமாவது திருப்பித் தருமாறு கெஞ்சினார்கள். கொள்ளைத் தலைவன் சிரித்தான். ஒரு பையைப் பறித்தால் பறிபோய்விடும் கல்வி என்ன கல்வி என்று ஏளனம் செய்துவிட்டுப் பையைக் கொடுத்தான். அவ்வேளனத்தை இறைவன் தமக்கு அனுப்பிய பாடமாகவே இமாம் அவர்கள் எடுத்துக் கொண்டார்கள். தூஸுக்குத் திரும்பி, மூன்று ஆண்டுகள் செலவிட்டு, குறிப்புகள் முழுவதையும் நெஞ்சில் ஏற்றினார்கள். ஒன்றைக் கையில் வைத்திருப்பது வேறு, அது தன்னுடையதாகவே ஆகிவிடுவது வேறு என்ற வேறுபாடு அன்றே அவர்களுக்குத் தைத்திருக்க வேண்டும்.

அதன்பின் நைஸாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் மாணவராக இருந்தார்கள். 1085இல் ஆசிரியர் மறைந்தபின், செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களின் அவைக்குச் சென்று, அங்கு நடந்த விவாதங்களில் பெயர் பெற்றார்கள். 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவுக்குத் தலைமைப் பேராசிரியராக அனுப்பப்பட்டபோது அவர்களுக்கு வயது 33தான். பாடம் கேட்க ஏறத்தாழ 300 மாணவர்கள் கூடினர். ஃபிக்ஹில் அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். ஹனஃபிகள் மிகுந்துள்ள நம் பகுதியிலும் அவர்களுடைய பெயரைச் சொல்லாத பயான் மேடை இல்லை. அவர்கள் பக்தாதுக்குள் நுழைந்த நாளில் அணிந்திருந்த உடையையும் ஏறிவந்த வாகனத்தையும் பார்த்தவர்கள், அவை 500 தீனார் பெறும் என்று மதிப்பிட்டார்களாம். இந்தத் தொகையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பேச மறுத்த நாவு

நான்கு ஆண்டுகள் கழிந்தன. கலீஃபாவின் அவை முதல் கடைவீதி வரை அவர்களின் பேச்சாகவே இருந்தது. அச்சமயத்தில்தான் அவர்கள் தம்மையே ஒருமுறை உற்றுப் பார்த்தார்கள். இறையச்சத்தைப் பற்றி அருமையாகப் பாடம் நடத்துகிறோம், ஆனால் பாடம் நடத்தும்போது நெஞ்சில் இருப்பது இறைவனா, பெயரும் பதவியுமா என்று கேட்டுக் கொண்டார்கள். கிடைத்த விடை அவர்களைக் கலங்கச் செய்தது.

பதவியை விட்டுவிட வேண்டுமென்று காலையில் முடிவெடுப்பார்கள். மாலையில் அம்முடிவு கரைந்து போகும். ஹிஜ்ரி 488 ரஜப் மாதம், அதாவது 1095 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் இவ்விழுபறி நீடித்தது. மார்க்கத்தின் நுணுக்கங்களை எல்லாம் அறிந்தவர். எது நல்லது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆயினும் நல்லதைச் செய்ய முடியவில்லை. சர்க்கரை நோயைப் பற்றி எல்லாம் படித்து வைத்துக்கொண்டு இனிப்புத் தட்டின் முன் தோற்றுப் போகிறவருக்கு இவ்வேதனை ஓரளவு விளங்கும். இறுதியில் ஒருநாள் வகுப்பில் நாவு எழவில்லை. மாணவர்களுக்காக ஒரு சொல்லாவது பேச முயன்றார்கள், பேச்சு வரவில்லை. உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். நோய் உடலில் தோன்றியதன்று, உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியது என்று கூறி, உள்ளம் அமைதி பெறும்வரை மருந்தால் பயனில்லை என்று கைவிட்டார்கள்.

அதே ஆண்டு துல்கஃதா மாதத்தில் இமாம் அவர்கள் பக்தாதை விட்டு வெளியேறினார்கள். மக்காவுக்குச் செல்வதாகப் பிறரிடம் சொன்னார்கள். மனத்தில் இருந்தது சிரியா. பிள்ளைகளின் வாழ்க்கைக்குத் தேவையான அளவை மட்டும் ஒதுக்கிவிட்டு எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஆசிரியர் பொறுப்பைத் தம்பி அஹ்மத் ஏற்றுக் கொண்டார்.

டமாஸ்கஸில் உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருந்தார்கள். பிறகு பைத்துல் முகத்தஸ், பின்னர் ஹலீல் நகரில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலம், அதன்பின் ஹஜ். அந்த அடக்கத்தலத்தில் மூன்று உறுதிகளை எடுத்துக் கொண்டார்கள்: அரசர்களின் வாசலுக்குப் போவதில்லை, அவர்களின் பணத்தைத் தொடுவதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை. கவனித்துப் பாருங்கள். அகந்தையை ஒழிப்பேன் என்று பொதுவாக ஓர் உறுதி எடுக்கவில்லை. அகந்தை தமக்குள் நுழைந்த மூன்று வாசல்களையும் அடையாளம் கண்டு, அந்த வாசல்களை அடைத்தார்கள்.

பழக்கம் எவ்வாறு உண்டாகிறது?

இந்தத் தனிமை ஆண்டுகளில் எழுதப்பட்டதே இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூல். பத்துப் பத்தாக நான்கு பகுதிகள். மொத்தம் நாற்பது கிதாபுகள். மர்ஹூம் எம். அப்துல் வஹ்ஹாப் அவர்கள் இதன் பல பகுதிகளைத் தமிழுக்குத் தந்துள்ளார்கள். மூன்றாம் பகுதியின் இரண்டாவது கிதாபு நப்ஸைப் பழக்குவதையும் குணத்தைச் செப்பனிடுவதையும் பற்றியது. நமது தலைப்புக்கு உரியது முக்கியமாக அதுவே.

குணம் பிறவியில் அமைந்தது, உயரத்தையும் நிறத்தையும் போல அதை மாற்ற இயலாது என்று வாதிட்டவர்கள் அக்காலத்திலும் இருந்தனர். இமாம் அவர்கள் அதை மறுக்கிறார்கள். மாற்ற இயலாது என்றால் உபதேசத்துக்கும் கல்விக்கும் பொருளே இல்லாமற் போகும். வேட்டைப் பருந்து மனிதனிடம் பழகுகிறது. வேட்டை நாய் தான் பிடித்ததைத் தின்னாமல் எசமானிடம் கொண்டுவரக் கற்கிறது. முரட்டுக் குதிரை கடிவாளத்துக்கு அடங்குகிறது. விலங்குக்கு முடிந்தது மனிதனுக்கு முடியாதா என்று கேட்கிறார்கள். அடுத்து அவர்கள் எடுக்கும் உவமை பேரீச்சங்கொட்டை. நமக்கு எளிதாக விளங்க, பொள்ளாச்சித் தேங்காய் என்று வைத்துக் கொள்ளலாம். நெற்றுத் தேங்காய் இன்னும் தென்னையன்று. அதை மாமரமாக ஆக்கவும் ஒருவராலும் முடியாது. ஆனால் நட்டு நீர் பாய்ச்சினால் தென்னையாகும். திண்ணையில் போட்டுவைத்தால் காய்ந்து போகும். கோபமும் ஆசையும் அப்படியே. அவற்றை வேரோடு பிடுங்கி எறிய எவராலும் இயலாது. எறியச் சொல்லி மார்க்கம் கட்டளையிடவும் இல்லை. வளர்த்து அடக்கி நடுநிலைக்குக் கொண்டுவரலாம். அவ்வளவே நம் கையில் உள்ளது.

சரி, எப்படிக் கொண்டுவருவது? இங்கேதான் இமாம் அவர்களின் நுட்பம் தெரிகிறது. நற்குணம் வந்தபின் நற்செயல் செய்வேன் என்று காத்திருப்பவனுக்கு இரண்டும் வாய்ப்பதில்லை. அழகாக எழுத விரும்புபவன் என்ன செய்கிறான்? தேர்ந்த எழுத்தாளன் இயல்பாகச் செய்வதை இவன் முயன்று, வலிந்து, பார்த்துப் பார்த்துச் செய்கிறான். நாள்தோறும் செய்கிறான். ஒரு நாள் பார்த்தால் கை தானாகவே எழுதுகிறது. சோமனூர்ப் பக்கம் தறியில் இழை முடிபவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அறுந்த இழையை அவர் கண்ணால் தேடுவதற்கு முன்பே விரல் முடிந்துவிடும். ஆனால் முதல் மாதத்தில் அதே விரல் எத்தனை தடவை தடுமாறியிருக்கும்! ஈகையும் பணிவும் பொறுமையும் இவ்வாறே வருகின்றன. கொடுக்க மனமில்லாதவன் வலிந்து கொடுக்க வேண்டும். மறுபடியும் கொடுக்க வேண்டும். செயல் உள்ளத்தில் ஒரு சுவட்டைப் பதிக்கிறது. பதிந்த சுவடு அடுத்த செயலை எளிதாக்குகிறது. எளிதான செயல் சுவட்டை மேலும் ஆழமாக்குகிறது. உறுப்பிலிருந்து உள்ளத்துக்கும் உள்ளத்திலிருந்து உறுப்புக்குமாக இச்சுழற்சி நடக்கிறது. இறுதியில் யோசிக்காமலே, வருத்தமில்லாமலே செயல் பிறக்கும் நிலைதான் குணம் என்று அவர்கள் இலக்கணம் வகுக்கிறார்கள்.

இடையில் தவறினால்? ஒரே இரவு விழித்துப் படித்தால் எவனும் ஃபகீஹ் ஆவதில்லை. ஒரே இரவு படிக்காமல் விட்டதால் எவனும் அந்தத் தகுதியை இழந்துவிடுவதும் இல்லை. ஆனால் ஓர் இரவுதானே என்று ஒவ்வோர் இரவையும் விட்டவன் ஒன்றுமில்லாமற் போகிறான். இதை வாசித்தபோது இக்காலத்து ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை ஆளுக்கொரு சிறு நற்பழக்கத்தை நாள்தோறும் ஒரே சூழலில் செய்யவைத்து, அது தானாக நடக்கும் நிலையை எப்போது எட்டுகிறது என்று அளந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். நடுத்தர அளவு 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது; வேறொருவருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. நம்மவர் பலர் ஷஃபான் இறுதியில் பெரிய முடிவுகளை எடுத்து, ஷவ்வால் பிறை பத்தில் அவற்றைக் கைவிடுவதன் காரணமும் இதில் இருக்கிறது. ரமலானின் 30 நாள் அருமையான தொடக்கம். ஆனால் பலருக்கு அந்தக் கணக்கு போதவில்லை.

தீய பழக்கத்துக்கு இமாம் அவர்கள் கூறும் மருத்துவம் அதன் எதிர்ச்செயல். உணவின் மேல் பேராசை உடையவன் நல்ல உணவைச் சமைத்துப் பிறருக்குப் பரிமாறித் தான் உண்ணாமல் இருந்து பழகட்டும். பதவி மோகம் உடையவன் எவரும் விரும்பாத சிறு ஊழியங்களை ஏற்கட்டும். கோபக்காரர் ஒருவர், பலர் முன்னிலையில் தம்மைத் திட்டுவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைத்துக்கொண்டு பொறுமையைப் பழகினார் என்று ஒரு செய்தியையும் எடுத்துச் சொல்கிறார்கள். (நம் ஊரில் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, ஜமாஅத் நிர்வாகப் பொறுப்பை ஒரு முறை ஏற்றாலே போதும்!) எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்கும் வைத்தியன் கொன்றுவிடுவான் என்பதால் வயதையும் உடல் வலிமையையும் பார்த்தே கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஒரேயடியாக விட முடியாததை, அதைவிடச் சிறிய ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். பாடம் படிக்க மறுக்கும் சிறுவனை முதலில் பந்தையும் மட்டையையும் காட்டி அழைக்கிறோம், பிறகு நல்ல உடை, பிறகு மதிப்பு, கடைசியில் அவன் கல்வியையே விரும்பத் தொடங்குகிறான்.

இவ்விடத்தில் இவ்வரிகளை எழுதுபவன் தன் கதையையும் சொல்லவேண்டும். 46ஆம் வயதில் சர்க்கரை என்று தெரிந்தபின் ரேஸ்கோர்ஸில் நடப்பதற்கென்று விலையுயர்ந்த காலணி வாங்கினேன். நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்டேன். ஐந்தாம் முறை, பஜ்ர் முடிந்து பள்ளியிலிருந்து வீட்டுக்கு நேர்வழியாக வராமல் மூன்று தெருக்களைச் சுற்றி வருவதென்று மட்டும் வைத்துக்கொண்டேன். ஏற்கெனவே ஊன்றியிருந்த ஒரு பழக்கத்தின் முதுகில் இந்தப் புதிய பழக்கம் ஏறிக்கொண்டது. காலணி இன்னும் புதிதாகவே இருக்கிறது.

உண்பதும் உறங்குவதும்

வணக்கம், ஞானம் என்று பேசும் பெருநூல் ஒன்று, வயிற்றையும் தூக்கத்தையும் இத்தனை பொறுப்பாகப் பேசுவது வியப்பளிக்கும். இஹ்யாவின் இரண்டாம் பகுதி உணவு உண்ணும் ஒழுங்கில்தான் தொடங்குகிறது. இரவும் பகலும் சேர்ந்த 24 மணி நேரத்தில் எட்டு மணி நேரத் தூக்கம் போதும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படி உறங்கினாலும் 60 ஆண்டு வாழ்பவனுக்கு 20 ஆண்டு தூக்கத்திலேயே போகிறது என்பதையும் நினைவூட்டுகிறார்கள்.

பகலை ஏழு பகுதிகளாகப் பிரித்து எந்தெந்த நேரத்தில் என்னென்ன செய்வது என்று வகுக்கும் அவர்கள், அந்த அட்டவணையை எல்லார் தலையிலும் கட்டவில்லை. வணக்கசாலிக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, மாணவனுக்கு ஒன்று, ஆள்பவருக்கு ஒன்று. குடும்பத்தைக் காக்க உழைக்கும் தொழிலாளி பகலெல்லாம் பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பது சரியன்று. இறைநினைவோடு தொழிலில் இருப்பதே அவருடைய வணக்க ஒழுங்கு என்கிறார்கள். பட்டறையிலும் ஜவுளிக் கடையிலும் நாளெல்லாம் நிற்கும் நம் சகோதரர்களுக்கு இதைவிட ஆறுதலான சொல் வேண்டுமோ!

பிள்ளைகளைப் பற்றி

குழந்தையின் உள்ளத்தை எதுவும் செதுக்கப்படாத மாணிக்கம் என்று அவர்கள் காண்கிறார்கள். எதை நோக்கிச் சாய்த்தாலும் சாயும். அதனால் முதல் பாடம் சோற்றுத் தட்டில் தொடங்குகிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி வலக்கையால் உண்பது, தன் முன்னால் உள்ளதை எடுப்பது, உணவையும் உண்பவரையும் வெறித்துப் பார்க்காமலிருப்பது, அவசரப்படாமல் நன்றாக மென்று உண்பது, சில வேளைகளில் குழம்பில்லாத வெறும் ரொட்டியை உண்டும் பழகுவது. பகலில் சிறிது நேரம் நடையும் ஓட்டமும் உடற்பயிற்சியும் வேண்டும்; இல்லாவிட்டால் சோம்பல் பிடித்துக்கொள்ளும். மதரஸா விட்டு வந்தபின் விளையாட விட வேண்டும். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிக்கச் செய்தால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, படிப்பிலிருந்து தப்பிக்கத் தந்திரம் தேடத் தொடங்கும் என்று எச்சரிக்கிறார்கள். பள்ளிக்கூடம், டியூஷன், மக்தப், மீண்டும் டியூஷன் என்று பிள்ளைகளை ஓட்டிவிட்டு, மிஞ்சிய அரை மணி நேரத்துக்கு செல்போனைக் கையில் கொடுக்கும் நாம் இவ்விடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

கண்டிப்பதில் அவர்கள் காட்டும் முறை மேலும் சிறப்பானது. பிள்ளை நல்லது செய்தால் பலர் முன்னிலையில் பாராட்ட வேண்டும், பரிசளிக்க வேண்டும். ஒரு முறை தவறு செய்து அதை மறைக்க முயன்றால், கண்டும் காணாதது போல விட்டுவிட வேண்டும். வெட்கம் இருப்பதால்தான் மறைக்கிறான், அந்த வெட்கத்தை நாமே கிழித்துவிடக் கூடாது. மறுமுறை செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்க வேண்டும். எந்நேரமும் திட்டிக் கொண்டிருந்தால் திட்டு காதில் ஏறாது. தவறும் மனத்தை உறுத்தாது.

ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவுவதும் பத்து வயதில் கண்டிப்புக் காட்டுவதும் நபிவழி என்று நாம் அறிவோம். இடையில் மூன்று ஆண்டுகள் உள்ளன. நாளைக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் தடவைக்கும் மேல் அன்பாகச் சொல்லும் வாய்ப்பு அது. அந்த ஐயாயிரத்தையும் தாண்டி ஒரே தாவலில் கண்டிப்புக்குப் போய்விடும் அத்தாமார்கள் நம்மில் எத்தனை பேர்!

பிள்ளை வளர்ப்பைப் பற்றிய இக்கருத்துகளில் பலவற்றை இமாம் அவர்கள், 1030இல் மறைந்த மிஸ்கவைஹி என்ற அறிஞரின் நூலிலிருந்து எடுத்து விரித்தார்கள். மிஸ்கவைஹியோ பிரைஸன் என்ற பழைய கிரேக்கரிடமிருந்து பெற்றவர். மெய்யியலாளர்களை மறுத்து முழு நூலே எழுதிய அதே இமாம் அவர்கள், நல்ல கருத்து எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்ளத் தயங்கவில்லை.

திரும்பி வந்தவர்

குடும்பத்தாரின் அழைப்பை ஏற்று இமாம் அவர்கள் ஊர் திரும்பினார்கள். வழியில் மீண்டும் பக்தாதில் தங்கியபோது அவர்களுடைய உடையை மதிப்பிட்டவர்கள், அது 15 கீராத் பெறும் என்றார்களாம். ஒரு தீனாரே ஏறத்தாழ 20 கீராத். அதாவது ஒரு தீனாருக்கும் குறைவு. 500 தீனாரில் நுழைந்த அதே ஊர்!

உடையை மாற்றுவது எளிது. உள்ளம் மாறியதா என்ற கேள்வி அக்காலத்தவருக்கும் எழுந்தது. நைஸாப்பூரின் வரலாற்றை எழுதிய அப்துல் ஃகாஃபிர் அல்ஃபாரிஸி அவர்கள் இமாமை நேரில் அறிந்தவர். முன்னாளில் இமாமிடம் கண்ட செருக்கையும், பிறரை அற்பமாக நினைத்த போக்கையும், பேச்சு வன்மையில் கொண்ட மயக்கத்தையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். திரும்பி வந்தவரின் பணிவைக் கண்டபோது, இது வலிந்து போட்ட வேடம் என்றே எண்ணினாராம். பலமுறை சென்று சந்தித்து, பேசி, கவனித்துப் பார்த்தபின், தாம் எண்ணியது தவறு, அந்த மனிதர் உண்மையாகவே மாறிவிட்டார் என்று ஒப்புக்கொள்கிறார். புகழ்வதற்கென்று எழுதுபவரின் சாட்சியத்தைவிட, ஐயத்தோடு வந்தவரின் இச்சாட்சியமே நமக்குப் பெரிதாகப் படுகிறது. தொடக்கத்தில் அது வலிந்து செய்ததாகவே இருந்திருக்கலாம். இமாம் அவர்களின் நூல் கூறும் முறையே அதுதானே.

உறுதிகள் எல்லாம் அப்படியே நின்றன என்று சொல்லிவிட முடியாது. 1106இல் அமைச்சர் ஃபக்ருல் முல்க் அவர்கள் வற்புறுத்தி அழைத்தபோது, நைஸாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்த ஒப்புக்கொண்டார்கள். அரசர் வாசலைத் தவிர்ப்பதாக ஹலீலில் எடுத்த உறுதியோடு இது ஒத்துப்போகிறதா என்ற வினா அவர்களுக்குள்ளேயே எழுந்தது. உள்ளத் தெளிவுடையோர் பலரிடம் ஆலோசித்த பின்னரே சென்றார்கள். முன்பு பெயரைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பெயரை விடச் செய்யும் கல்விக்கு அழைக்கிறேன் என்ற கருத்தில் அதற்கு விளக்கமும் எழுதினார்கள். சில ஆண்டுகளில் அப்பொறுப்பையும் விட்டுத் தூஸ் திரும்பினார்கள்.

வீட்டின் அருகே மாணவர்களுக்கு ஒரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹ்வும் அமைத்தார்கள். குர்ஆன் ஓதுவது, பெரியோருடன் அமர்வது, பாடம் சொல்வது என்று நேரம் பங்கிடப்பட்டிருந்தது. ஒரு கணமும் வீணே கழியவில்லை என்று அப்துல் ஃகாஃபிர் அவர்கள் எழுதுகிறார்கள். ஐம்பதைக் கடந்த அவ்வயதில் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களை மாணவரைப் போலப் பாடம் கேட்கவும் தொடங்கினார்கள்.

ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை, கி.பி. 1111 டிசம்பர் 18. அன்றைய விடியலைத் தம்பி அஹ்மத் சொன்னதாக வரலாறு பதிந்திருக்கிறது. இமாம் அவர்கள் வழக்கம்போல் எழுந்து, உளூச் செய்து, பஜ்ரைத் தொழுதார்கள். பிறகு தம் கஃபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கால்களை நீட்டி, கிப்லாவை நோக்கிப் படுத்தார்கள். கதிரவன் எழுமுன் உயிர் பிரிந்திருந்தது.